டி-4 பில்லர் இரண்டு இடத்தில்

“மேடம், டி-4 பில்லருக்கு எந்தப் பேப்பரைப் பாத்து நூல் கட்டட்டும்?”

காலை ஏழே முக்கால் இருக்கும். திண்டுக்கல் பக்கம் நாங்கள் செய்துகொண்டிருந்த கல்லூரி விடுதி வேலையின் மேஸ்திரி பேசினார். முப்பது வருடமாக மார்க்கிங் போடுகிறவர், காரணம் இல்லாமல் அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார். “ஃபுட்டிங் பேப்பர்ல ஒண்ணாம் கிரிட்ல இருந்து நாலாம் கிரிட் வரைக்கும் பன்னெண்டு மீட்டர். படிக்கட்டு எங்க வருதுன்னு பாக்க பிளான எடுத்தேன். அதுல பன்னெண்டு முப்பது போட்டிருக்கு. எது நெசம்?”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஃபுட்டிங் என்பது பில்லரின் அஸ்திவாரம். கிரிட் என்பது பில்லர்கள் நிற்க வேண்டிய இடங்களைக் காட்டும் கோடுகள்; டி கோடும் நாலாம் கோடும் சந்திக்கும் இடம்தான் டி-4. நிஜம் எது என்று எனக்குத் தெரியும். மார்கழியில் வராந்தாவின் அகலத்தை 1.8 மீட்டரிலிருந்து 2.1 மீட்டராகக் கூட்டியிருந்தோம். அதனால் நாலாம் கிரிட்டும் அதற்கு அப்பால் இருக்கும் எல்லா கிரிட்டும் 300 மி.மீ. தள்ளிப் போயின. பிளான் சரி. ஃபுட்டிங் ஷீட் தப்பு. அந்த ஃபுட்டிங் ஷீட்டை வரைந்தவள் நான்.

“அண்ணே, வேலையை நிறுத்திருங்க. எத்தனை குழி வெட்டியாச்சு?”

27 குழி. முதல் மூன்று வரிசையின் 24 குழிகளுக்குப் பிரச்சினை இல்லை. நாலாவது வரிசையில் ஏ, பி, சி மூன்றும் வெட்டியாகிவிட்டது. அடுத்தது டி. படிக்கட்டு டி-4 ஓரமாக வருவதால்தான் அவர் பிளானை எடுத்துப் பார்த்திருக்கிறார். படிக்கட்டு வேறு மூலையில் இருந்திருந்தால் 72 குழியும் முடிந்து, கம்பி கட்டிய பிறகுதான் தெரிந்திருக்கும். கான்கிரீட்டும் போட்ட பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இப்போதும் எனக்குத் தைரியம் இல்லை.

பதினான்கு வருடமாக டிராஃப்டிங், அதாவது கம்ப்யூட்டரில் கட்டடப் படம் வரையும் வேலையில் இருக்கிறேன். மென்பொருளில் முதலில் ஆட்டோகேட் மட்டும், பிறகு கட்டடத்தை முப்பரிமாண மாடலாகச் செய்யும் ரெவிட்டும் சேர்ந்துகொண்டது. லிங்க் செய்த ஃபைல்களோடு மல்லுக்கட்டாத வாரம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் இந்த ஒரு காலைதான் அந்த வேலையை நான் பார்க்கும் விதத்தையே மாற்றியது. அதனால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

ஒரு படத்துக்குள் லிங்க் செய்து காட்டும் இன்னொரு ஃபைலுக்குத்தான் எக்ஸ்ரெஃப் என்று பெயர். அதைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிரிட் ஒரே ஒரு ஃபைல். பிளான், ஃபுட்டிங், எலக்ட்ரிக்கல், பிளம்பிங் என்று எல்லா ஷீட்டும் அந்த ஒரு ஃபைலை எட்டிப் பார்க்கின்றன. கிரிட்டை ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். ஷீட்டுக்குள் கிரிட் இல்லை. கிரிட் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கிறது. சிக்கல் எல்லாம் அந்த முகவரியில்தான்.

அன்று ஆபீசுக்கு ஓடிப் போய் ஃபுட்டிங் ஷீட்டைத் திறந்தேன். எக்ஸ்ரெஃப் பட்டியலில் ஒரு குறையும் இல்லை. கிரிட் ஃபைலுக்கு நேராக ‘லோடட்’ என்று இருந்தது. சிவப்புக் குறி இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. ரீலோட் கொடுத்தேன், ஒழுங்காக ரீலோட் ஆனது. ஆனால் திரையில் நாலாம் கிரிட் பழைய இடத்திலேயே நின்றது. கிரிட் ஃபைலைத் தனியாகத் திறந்தேன். அதில் சரியான இடத்தில் இருந்தது. கால் மணி நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேஜைத் தம்பிதான் பட்டியலின் அடியில் இருந்த விவரப் பகுதியைக் கவனித்தான். அங்கே இரண்டு வரிகள் உண்டு. ‘சேவ்ட் பாத்’ என்பது, எங்கே தேட வேண்டும் என்று நாம் சொல்லி வைத்த இடம். ‘ஃபவுண்ட் அட்’ என்பது, உண்மையில் எங்கே கண்டெடுத்தது என்பது. முதல் வரியில் எஸ் டிரைவின் கிரிட் ஃபோல்டர் இருந்தது. இரண்டாவது வரியில் ஸ்ட்ரக்சர் ஃபோல்டர், அதாவது அந்த ஷீட் இருக்கும் அதே ஃபோல்டர். பெயர் ஒன்றேதான், ஃபைல் வேறு.

அதற்குப் பிறகு கதை தானாகவே புரிந்தது. தீபாவளிக்கு முன்பு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டுக்கு மெயில் அனுப்புவதற்காக யாரோ கிரிட் ஃபைலை ஸ்ட்ரக்சர் ஃபோல்டருக்குள் ஒரு காப்பி போட்டு, ஜிப் செய்து அனுப்பியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் காப்பியை எடுக்கவில்லை. மார்கழியில் வராந்தா மாறியபோது உண்மையான கிரிட் மாறியது, காப்பி மாறவில்லை. பொங்கல் லீவில் ஆபீஸ் சர்வரை மாற்றினோம். எஸ் டிரைவ் போய் இசட் டிரைவ் வந்தது. லீவு முடிந்து வந்தால் எல்லா ஷீட்டிலும் ‘நாட் ஃபவுண்ட்’. நாங்களும் ஒவ்வொன்றாகத் திறந்து, காணாமல் போன ஃபைல்களுக்குப் புது இடத்தைக் காட்டினோம். இப்போதைய ஆட்டோகேட்டில் ஒன்றுக்குப் புது இடம் காட்டினால், காணாமல் போன மற்றவற்றுக்கும் அதையே போடலாமா என்று கேட்கும். ஆமாம் என்று சொன்னோம். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியானோம்.

ஃபுட்டிங் ஷீட்டோ அந்தக் கணக்கில் வரவே இல்லை. சொன்ன முகவரியில் ஃபைல் இல்லாவிட்டால் ஆட்டோகேட் உடனே கைவிரித்துவிடாது. ஷீட் இருக்கும் ஃபோல்டரில் அதே பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு புராஜெக்ட்டுக்கென்று குறித்து வைத்த ஃபோல்டர்கள், பிறகு சப்போர்ட் ஃபோல்டர்கள் என்று தேடும். எங்கே கிடைத்தாலும் எடுத்து லோட் செய்துவிடும். நல்ல எண்ணத்தில் செய்து வைத்த வசதிதான். ஆனால் எங்களுக்கு அது பழைய காப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு ‘லோடட்’ என்று சொன்னது. காணவில்லை என்று அந்த ஷீட் சொல்லவே இல்லை. சொல்லாததால் நாங்கள் அதைத் தொடவும் இல்லை. அதுவரை பார்டரும் கிரிட்டும் மட்டும் போட்டு வைத்திருந்த ஷீட் அது. பொங்கலுக்குப் பிறகு அந்தப் பழைய கிரிட்டின் மேல்தான் நான் 72 ஃபுட்டிங்கையும் உட்கார வைத்து, அளவுக்கோடும் போட்டேன்.

அதனால்தான் யாராவது என்னிடம் வந்து “அக்கா, எக்ஸ்ரெஃப் காணோம்னு வருது” என்றால் எனக்குப் பதற்றம் வருவதில்லை. காணவில்லை என்று சொல்லும் ஃபைலைத் தேடிப் பிடித்துவிடலாம். எல்லாம் இருக்கிறது என்று சொல்லும் பட்டியலைத்தான் நான் இப்போது வரி வரியாகப் படிக்கிறேன்.

அன்றே செய்த முதல் வேலை, மற்ற டிராயிங்குகளிலும் இப்படி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தது. ஆட்டோகேட்டோடு சேர்ந்தே ‘ரெஃபரன்ஸ் மேனேஜர்’ என்று தனி புரோகிராம் ஒன்று கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும், ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும். ஆட்டோகேட்டின் சிறிய பதிப்பான எல்டியில் இது வராது. புராஜெக்ட்டின் டிராயிங்குகள் அத்தனையையும் அதில் போட்டால், ஒவ்வொன்றும் எதை லிங்க் செய்கிறது, சொன்ன இடம் எது, கிடைத்த இடம் எது என்று ஒரே அட்டவணையாகக் காட்டும். டிராயிங்கைத் திறக்கவே வேண்டாம். சொன்ன இடமும் கிடைத்த இடமும் ஒத்துப் போகாதவற்றை மட்டும் பொறுக்கினேன். இன்னும் இரண்டு ஷீட் சிக்கின, இரண்டும் பிளம்பிங். நல்லவேளையாக இன்னும் சைட்டுக்குப் போகவில்லை. அதே அட்டவணையிலேயே பழைய டிரைவ் பெயரைக் கண்டுபிடித்துப் புதியதாக மாற்றவும் முடியும்.

இரண்டாவது, முகவரியின் வகை. ‘ஃபுல் பாத்’ என்றால் டிரைவ் எழுத்திலிருந்து தொடங்கும் முழு முகவரி. சர்வர் மாறினால், டிரைவ் எழுத்து மாறினால், ஒருவர் லேப்டாப்பில் வீட்டுக்கு எடுத்துப் போனால் அறுந்துவிடும். ‘ரெலேட்டிவ் பாத்’ என்றால் “நான் இருக்கும் ஃபோல்டரிலிருந்து ஒரு படி மேலே போய், கிரிட் ஃபோல்டருக்குள் பார்” என்று சொல்வது போல. மொத்த புராஜெக்ட் ஃபோல்டரையும் தூக்கி எங்கே வைத்தாலும் பிழைக்கும். ஆட்டோகேட் 2018 முதல் புதிதாகச் சேர்க்கும் எக்ஸ்ரெஃப் தானாகவே ரெலேட்டிவாகத்தான் வரும். ஆனால் பழைய டெம்ப்ளேட்டிலும், பழைய புராஜெக்டிலிருந்து காப்பி எடுத்துத் தொடங்கிய ஷீட்டிலும் முன்பு இருந்த ஃபுல் பாத் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் ஃபுட்டிங் ஷீட் அப்படி வந்ததுதான். இன்னொன்று: ஷீட் ஒரு டிரைவிலும் கிரிட் வேறு டிரைவிலும் இருந்தால் ரெலேட்டிவ் பாத் வேலை செய்யாது. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

மூன்றாவது, அனுப்பும் முறை. இந்தத் தப்பு பிறந்தது மெயில் அனுப்புவதற்காகப் போட்ட ஒரு காப்பியில். இப்போது எங்கள் ஆபீசில் யாரும் வேலை நடக்கும் ஃபோல்டருக்குள் காப்பி போட்டு ஜிப் செய்வதில்லை. ‘ஈ-டிரான்ஸ்மிட்’ கொடுத்தால் ஷீட், அதன் எக்ஸ்ரெஃப்கள், எழுத்துருக்கள், பிரிண்டில் கோடு எப்படி விழ வேண்டும் என்று சொல்லும் பிளாட் ஸ்டைல் எல்லாவற்றையும் அதுவே ஒரு கட்டாகக் கட்டிக் கொடுக்கும். அந்தக் கட்டு புராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே ‘அனுப்பியவை’ என்ற இடத்தில், தேதி போட்ட ஃபோல்டரில் போய் விழும். வேலை நடக்கும் இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கவே கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை.

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்தது. கிரிட் ஃபைலுக்குள்ளேயே, ஏ-1 வட்டத்தின் பக்கத்தில், பிரிண்டில் விழும்படி சின்ன எழுத்தில் ‘கிரிட் ஜி-8’ என்று எழுதி வைத்தோம், கீழே தேதி. கிரிட் மாறினால் அதுவும் மாறும். ஷீட்டின் டைட்டில் பிளாக்கில் இருக்கும் ரிவிஷன் எண் நாம் கையால் போடுவது. அது ஷீட்டைப் பற்றித்தான் சொல்லும். இந்த எழுத்து கிரிட் ஃபைலுக்குள் இருப்பதால், எந்த ஃபைல் உண்மையில் லோட் ஆனதோ அதன் எண்தான் பேப்பரில் விழும். பழைய காப்பி வந்தால் பழைய எண்ணோடுதான் வரும், ஒளிய முடியாது. அன்று இது இருந்திருந்தால், பிளானையும் ஃபுட்டிங் ஷீட்டையும் பக்கத்தில் வைத்த நிமிடமே தெரிந்திருக்கும்.

இனி மற்ற தொல்லைகள். நான் பட்ட வரிசையில் சொல்கிறேன்.

லோட் ஆகியிருக்கிறது, ஆனால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. இதில் நிறைய பேர் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அட்டாச் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக நாலு காப்பி வைத்துவிடுவார்கள். முதலில் எக்ஸ்ரெஃப் எந்த லேயரில், அதாவது படத்தின் எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்ரெஃபுக்குள் இருக்கும் லேயர்களைச் சொல்லவில்லை, அதை நீங்கள் வைத்தபோது உங்கள் ஷீட்டில் நடப்பில் இருந்த லேயர். அந்த லேயரை ஃப்ரீஸ் செய்தால் எக்ஸ்ரெஃப் முழுவதும் மறையும். அதே லேயரை ஆஃப் செய்தால் முழுவதும் மறையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு மதியம் முழுக்க வீணாக்கியிருக்கிறேன். எக்ஸ்ரெஃப்களுக்கென்று தனி லேயர் ஒன்று வைத்து, அதில் வேறு எதையும் வரையாமல் இருப்பது நல்லது. அடுத்து கிளிப். யாராவது ஒரு மூலையை மட்டும் வெட்டிக் காட்ட கிளிப் போட்டிருப்பார்கள், அதன் சட்டமும் தெரியாதபடி வைத்திருப்பார்கள். கிளிப்பை நீக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நேற்று சரியாக இருந்தது இன்று பக்கத்து மனைக்குப் போய்விட்டது என்றால் காரணம் பேஸ் பாயின்ட், அதாவது ஒரு ஃபைலை எந்தப் புள்ளியைப் பிடித்து வைக்க வேண்டும் என்பது. ஒரு பிளம்பிங் ஃபைலில் இது நடந்தது. எங்களுக்கு வந்த புது பதிப்பில் கழிவறைக் குழாய்கள் எல்லாம் கட்டடத்துக்கு வெளியே தோட்டத்தில் கிடந்தன. அவர்கள் தங்கள் வசதிக்காகக் கழிவறை மூலையை பேஸ் பாயின்ட்டாக மாற்றியிருக்கிறார்கள். அந்த ஃபைலைத் திறந்து ‘பேஸ்’ என்று அடித்தால் இப்போதைய மதிப்பைக் காட்டும். மூன்றும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். பூஜ்ஜியம் போட்டு சேவ் செய்து ரீலோட் கொடுத்தால் குழாய்கள் வீட்டுக்குத் திரும்பிவிடும். இங்கே எக்ஸ்ரெஃபைக் கையால் நகர்த்தி மட்டும் பொருத்தாதீர்கள். அவர்கள் அடுத்த முறை சரியாக அனுப்பும்போது அது தப்பாகிவிடும்.

கிரிட் ஃபைலில் லேயரின் நிறத்தை மாற்றினேன், ஷீட்டில் மாறவில்லை என்று கேட்பவர்களுக்கு: ‘விஸ்ரீடெய்ன்’ என்ற அமைப்பு 1-இல் இருந்தால் ஷீட் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் நிறத்தைத்தான் வைத்துக்கொள்ளும். அது வசதிக்காகத்தான் அப்படி இருக்கிறது, பிழை இல்லை.

எக்ஸ்ரெஃபை வைக்க இரண்டு வகை உண்டு: அட்டாச்மென்ட், ஓவர்லே. எலக்ட்ரிக்கல் ஷீட்டில் கட்டிலும் மேஜையும் எங்கிருந்தோ வந்து நிற்கிறதென்றால், பிளானுக்குள் ஃபர்னிச்சர் ஃபைலை அட்டாச்மென்ட்டாக வைத்திருப்பார்கள். பிளானை யார் கூப்பிட்டாலும் அதுவும் கூடவே வரும். ஓவர்லேயாக வைத்தால் பிளானோடு நின்றுவிடும், அடுத்த வீட்டுக்குப் போகாது. எங்கள் ஆபீசில் எல்லாமே ஓவர்லே. ஒரு ஷீட்டுக்கு எது வேண்டுமோ அதை நேராக அந்த ஷீட்டிலேயே வைக்கிறோம். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் எது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே வராது.

அளவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நம் ஊரில் வீட்டு பிளான் அடி-இன்ச்சில், ஸ்ட்ரக்சர் மில்லிமீட்டரில், சர்வே மீட்டரில். மூன்றும் ஒரே ஷீட்டில் வந்து சேரும். ‘இன்ஸ்யூனிட்ஸ்’ என்ற அமைப்பில் இன்ச்சுக்கு 1, அடிக்கு 2, மி.மீ.க்கு 4, மீட்டருக்கு 6, ஒன்றும் சொல்லாவிட்டால் 0. பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. இன்ச்சில் வரைந்திருப்பார்கள், டெம்ப்ளேட்டிலிருந்து வந்த 4 அப்படியே இருக்கும். எக்ஸ்ரெஃப் 25.4 மடங்கு சிறிதாகவோ பெரிதாகவோ வந்து நிற்கும். நான் வைத்திருக்கும் ஒரே சோதனை கதவு. வந்த ஃபைலைத் தனியாகத் திறந்து ஒரு கதவின் அகலத்தை அளப்பேன். 900 என்று வந்தால் மி.மீ., 0.9 என்றால் மீட்டர், 36 என்றால் இன்ச், 3 என்றால் அடி. அதற்குப் பிறகு இன்ஸ்யூனிட்ஸ் அதையே சொல்கிறதா என்று பார்த்து, சொல்லாவிட்டால் மாற்றிவிட்டுத்தான் லிங்க் செய்வேன். கதவே இல்லாத சர்வே ஃபைல் என்றால் ரோட்டின் அகலம். பழைய புலப்படத்தை வைத்து வரைந்தது என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் படங்களில் அளவு மீட்டரில் இருக்காது, சங்கிலிக் கணக்கின் லிங்க்ஸில் இருக்கும். ஒரு லிங்க் 7.92 இன்ச். ஆயிரம் சதுர லிங்க்ஸ்தான் ஒரு சென்ட், அதாவது நமக்குப் பழக்கமான 435.6 சதுர அடி. பரப்பளவு பத்திரத்தோடு ஒத்துப் போகவில்லை என்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ரெவிட்டுக்கு வருகிறேன். அதே விடுதி வேலையை ரெவிட்டிலும் செய்தோம், சர்வே படத்தை லிங்க் செய்து தரை மட்டம் எடுப்பதற்காக. லிங்க் செய்ததும் எல்லைக் கோடுகள் நடுங்கியது போல வந்தன. வட்டங்கள் பல கோணங்களாகத் தெரிந்தன, பரப்பை நிரப்பும் கோடுகளான ஹாட்ச் சிதறியது. காரணம் தூரம். சர்வே உலகக் கணக்கான யூடிஎம் ஆயத்தொலைவில், அதாவது கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்ற எண்களில் வரும். திண்டுக்கல்லுக்கு அது கிழக்கே சுமார் 8.26 லட்சம் மீட்டர், வடக்கே சுமார் 11.46 லட்சம் மீட்டர். பூஜ்ஜியப் புள்ளியிலிருந்து ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி. ரெவிட்டில் வடிவங்கள் அதன் உள் மூலப்புள்ளியிலிருந்து 16 கி.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

அதற்காக ‘சென்டர் டு சென்டர்’ போட்டால் அருகில் வந்து உட்காரும், ஆனால் ஒவ்வொரு ஃபைலும் தன் தன் நடுவை வைத்து உட்காரும். சர்வேயும் ஸ்ட்ரக்சரும் ஒன்றோடொன்று பொருந்தாது. நாங்கள் செய்தது: ஆட்டோகேட்டில் சர்வேயின் ஒரு நகலில், மனையின் தென்மேற்கு எல்லைக்கல்லை எடுத்து பூஜ்ஜியத்துக்கு நகர்த்தினோம். அந்தக் கல்லின் உண்மையான ஆயத்தொலைவை அதன் பக்கத்திலேயே எழுதி வைத்தோம். அந்த நகலை ‘ஒரிஜின் டு இன்டர்னல் ஒரிஜின்’ முறையில் ரெவிட்டில் லிங்க் செய்து, ‘ஸ்பெசிஃபை கோஆர்டினேட்ஸ் அட் பாயின்ட்’ மூலம் அந்தக் கல்லுக்கு உண்மையான எண்ணைக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நடுக்கம் இல்லை. அதற்கு முன் ஒரு முறை, ஃபைலில் இருப்பது அத்தனையையும் திரையில் காட்டும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்துப் பார்ப்பது முக்கியம். மொத்த மனையும் ஒரு புள்ளியாகச் சுருங்கினால், எங்கோ தொலைவில் ஒரு எழுத்தோ கோடோ அநாதையாகக் கிடக்கிறது என்று பொருள். எங்கள் சர்வேயில் பூஜ்ஜியத்தில் ஒரு ஒற்றைப் புள்ளி இருந்தது. அதை அழித்த பிறகுதான் வேலை நடந்தது.

இதிலும் எங்களை மிகவும் அலைக்கழித்தது வேறு. எல்லையை ஒருவர் அளந்தார், மேடுபள்ளக் கோடுகளை வேறொரு குழு டிரோன் வைத்து எடுத்தது. இரண்டையும் சேர்த்தால் அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் விலகி நின்றன. சரி, ஒரு கல்லை வைத்து நகர்த்திப் பொருத்துவோம் என்று பார்த்தோம். ஒரு மூலை பொருந்தியது. 240 மீட்டர் தள்ளி இருக்கும் மறு மூலை நாலரை மீட்டர் விலகியது. யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள் என்று இரண்டு பக்கமும் போன் போட்டோம். இருவர் அளவும் சரிதான். யூடிஎம் முறையில் பூமியை ஆறு ஆறு டிகிரியாகப் பிரித்திருக்கிறார்கள். 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44-ஆம் மண்டலம். அந்தக் கோடு நம் தமிழ்நாட்டின் நடுவே போகிறது. கோவை, ஈரோடு, திருநெல்வேலி 43-இல். சென்னை, திருச்சி, மதுரை 44-இல். திண்டுக்கல் அந்தக் கோட்டுக்குச் சற்றே மேற்கே, ஏறக்குறைய அதன் மேலேயே. எல்லை அளந்தவர் 43-இல் கொடுத்தார். டிரோன் குழு மதுரைக்காரர்கள், வழக்கம்போல 44-இல் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மண்டலங்களிலும் வடக்குத் திசையே அந்த இடத்தில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் வேறுபடும். அதனால்தான் நகர்த்தினால் மட்டும் பொருந்தவில்லை. கையால் சுழற்றிப் பொருத்தாமல், டிரோன் குழுவிடம் 43-இல் திரும்ப எடுத்துத் தரச் சொன்னோம். ஒரே நாளில் தந்தார்கள், அச்சாகப் பொருந்தியது. கரூர், சேலம், தூத்துக்குடி எல்லாம் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அங்கே வேலை எடுப்பவர்கள் சர்வே கேட்கும்போதே மண்டல எண்ணையும் எழுதிக் கேளுங்கள்.

ரெவிட்டில் இன்னும் இரண்டு. லிங்க் செய்யும்போது ‘கரண்ட் வியூ ஒன்லி’ டிக் விழுந்திருந்தால் அந்த ஒரு பார்வையில் மட்டும்தான் படம் தெரியும், அதிலிருந்து தரை மட்டமும் எடுக்க முடியாது. “வேறு பிளானில் காணோம்” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அப்புறம், ‘இம்போர்ட்’ வேண்டாம், ‘லிங்க்’ போதும். இம்போர்ட் செய்தது அன்றைய தேதியில் உறைந்துவிடும், அங்கே மாறினாலும் இங்கே தெரியாது. எங்கள் ஃபுட்டிங் ஷீட்டுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அதை எப்படி நம்புவது?

ஃபைல் திறக்கவே மாட்டேன் என்றால், அது உங்கள் மென்பொருளைவிடப் புதிய பதிப்பா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி ஃபைலின் ஒரு நகலை நோட்பேடில் திறங்கள். புரியாத எழுத்துகளாகக் கொட்டும், ஆனால் முதல் ஆறு எழுத்து மட்டும் தெளிவாக இருக்கும். ஏசி1032 என்றால் 2018 வடிவம், ஏசி1027 என்றால் 2013, ஏசி1024 என்றால் 2010. பழைய வடிவத்தில் சேவ் செய்து அனுப்பச் சொன்னால் முடிந்தது. அதே போல, சர்வே படத்தில் கிராமப் பெயரும் கிணற்றுப் பெயரும் ஆங்கில எழுத்துகள் குழம்பியது போல வந்தால் ஃபைல் கெடவில்லை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், அந்த எழுத்துரு உங்களிடம் இல்லை. அனுப்பியவரிடம் எழுத்துருவையும் சேர்த்துக் கேளுங்கள்.

சைட்டில் அந்த மூன்று குழிகளையும் ஒரு பக்கம் 300 மி.மீ. கூடுதலாக வெட்டினார்கள். நாலாவது வரிசையிலிருந்து சுண்ணாம்புக் கோடு முழுவதையும் அழித்து மேஸ்திரி மறுபடி போட்டார். ஒரு நாள் போனது. நான் நேரில் போய், ஒண்ணாம் கிரிட்டிலிருந்து ஒன்பதாம் கிரிட் வரை அவரோடு டேப் பிடித்தேன். திருத்திய ஷீட்டைக் கையில் கொடுத்து, ஏ-1 வட்டத்தின் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைக் காட்டி, எதற்கு என்று சொன்னேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துப் பார்த்தார்.

போன வாரம் முதல் மாடி சென்ட்ரிங் நடக்கும்போது அதே மாதிரி காலையில் போன். “மேடம், ஸ்லாப் பேப்பர்ல ஜி-8 போட்டிருக்கு. எலக்ட்ரிக்கல்காரர் குடுத்த பைப் பேப்பர்ல ஜி-7 இருக்கு. பைப்ப வைக்க வேண்டாம்னு பசங்கள நிறுத்தி வச்சிருக்கேன். அவருகிட்ட நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?”

நான் பேசுகிறேன் என்றேன்.